மாத்திரை சைட்

நம் ரைபிள் கிளப்பின் ஆர்மரி மேசைக்கு, துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு, புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லி வைக்கிறேன். உங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் துப்பாக்கியில்தான் கோளாறு என்பார்கள். போன வாரம் வரை நன்றாகச் சுட்டது, இன்றைக்குக் குண்டு எங்கோ போகிறது, கொஞ்சம் சைட்டைப் பாருங்கள் சார் என்பார்கள். பெரும்பாலும் குறி பார்க்கும் அந்த சைட் சரியாகவே இருக்கும். அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார், அல்லது ஆபீசில் யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருப்பார். அதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடாதீர்கள். சைட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பஞ்சால் துடைத்துத் திரும்ப மாட்டிக் கொடுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே குணமாகிவிடும்.

நான் ஓய்வு பெற்று நூம்பலில் வீட்டோடு இருக்கிறேன். வீட்டோடு இருக்கிறேன் என்பது பேச்சுக்குத்தான். ரிங்கை மாற்றலாமா, சைட்டை இன்னும் பின்னால் தள்ளலாமா என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. என் மனைவி அந்தப் போன்களுக்காகத் தாராளமாகத் திட்டுகிறாள். எனக்கு மட்டும் அவை வராத நாளில் ஒரு மாதிரி இருக்கும்.

சைட்டை எப்படி மாட்டுவது, திருகை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை நான் எழுதப் போவதில்லை. எந்த சைட்டை யாருக்குக் கொடுப்பது, எப்போது திருப்புவது, எப்போது கையை வைக்காமல் இருப்பது என்பவைதான் கையேட்டில் இல்லாதவை. இவற்றை எனக்குப் புரியவைத்தது ஓர் அணித் தேர்வு நாள். அன்றைக்கு இரண்டு பெண்கள் நடந்துகொண்ட விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவர்களுக்கு நான் உறவும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. இருந்தாலும் பெருமைதான்.

ஒருத்தி ஜோதி. மேனாம்பேட்டுப் பெண். அவளுடைய தாத்தா காலத்தில் அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அப்பாவும் அண்ணனும் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைக்குப் போனார்கள். ஜோதி அங்கேயே ஒரு கம்பெனியில் உதிரி பாகங்களை அளந்து பார்க்கும் பிரிவில் இருந்தாள். ஷிப்ட் முடிந்து கம்பெனி சீருடையோடு நேராக ரேஞ்சுக்கு, சுடும் மைதானத்துக்கு, வருவாள். கிளப்பின் பொதுத் துப்பாக்கிகளில் ஒன்றைத்தான் அவள் பயன்படுத்தினாள், பாயிண்ட் டூ டூ, சிறிய குண்டு போடும் ரைபிள். அதன் பின்பக்க சைட் நம் ஊரில் செய்த பழைய பீப் சைட், அதாவது சின்னத் துளை வழியாகப் பார்க்கிற வகை.

இன்னொருத்தி இசக்கியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். பருத்திப்பட்டு ஏரிக்கு எதிரே அடுக்குமாடியில் குடியிருந்தாள், கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல உத்தியோகம். சொந்தத் துப்பாக்கி, சொந்த ஜெர்மன் சைட், அதற்கு உதிரியாக இன்னொரு ஜெர்மன் சைட். அவளுடைய பெட்டியைத் திறந்தால் நகைக்கடை மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. பெட்டி பெரிதாக இருக்கிறவர்களைப் பார்த்தாலே எனக்கு ஒரு கடுப்பு. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் வந்ததும் வராததுமாக வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

அந்த வருடம் மாநிலப் போட்டிக்குப் போகும் அணியில் பெண்கள் பிரிவில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம். மற்ற இடங்களுக்கு யார் என்பது முன்பே முடிவாகிவிட்டது. அந்த ஒன்றுக்கு ஜோதியும் இசக்கியும்தான் போட்டி. இசக்கிக்கு அது மூன்றாவது முயற்சி, முதல் இரண்டும் மயிரிழையில் போயிருந்தன. ஜோதிக்கு விஷயம் வேறு. விளையாட்டு ஒதுக்கீட்டில் சீருடை அணியும் அரசு வேலை ஒன்று இருந்தது. மாநிலப் போட்டியில் கலந்துகொண்டவர்கள்தான் அதற்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு அவளுக்கு அந்த வருடத்தோடு முடிந்தது. இந்தத் தேர்வு போனால் அந்த வேலையும் போயிற்று, பிறகு ஷிப்ட்தான். ரேஞ்சில் எல்லோருக்கும் இது தெரியும். ஒருவரும் அவளிடம் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

தேர்வு நாள் காலை. தொகுதி தொகுதியாகச் சுடுகிறார்கள். இவர்கள் தொகுதிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஜோதி பக்கத்துப் பயிற்சி ரேஞ்சில் சோதனைக்காக நாலு குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பக்கவாட்டில் நகர்த்தும் திருகைத் திருப்பினால் க்ளிக், க்ளிக் என்று சத்தம் வருகிறது, குண்டு மட்டும் நகரவில்லை என்றாள். நான் கழற்றிப் பார்த்தேன். உள்ளே மரை தேய்ந்து மழுங்கியிருந்தது. சத்தம் போடுவது ஒரு பாகம், நகர்த்துவது வேறு பாகம். சத்தம் போடும் பாகம் நன்றாக இருந்தது.

அலமாரியில் உதிரி சைட் ஒன்று இருந்தது. ஜோதியுடையது போலவே அதே வகை, திருகில் அதே எழுத்துகள், அவள் கைக்குப் பழகியது. ஆனால் அதில் ஆட்டம் அதிகம். சில நேரம் நான்கு க்ளிக் திருப்பினாலும் அசையாது, ஐந்தாவதில் மொத்தமாகக் குதிக்கும். சில நேரம் முதல் க்ளிக்கிலேயே போய்விடும். அதை நான் கையில் எடுத்து யோசித்துக்கொண்டிருந்தபோது இசக்கி வந்தாள். விஷயம் அவள் காதுக்கு எட்டியிருந்தது. பெட்டியைத் திறந்து தன்னுடைய உதிரி ஜெர்மன் சைட்டை மேசைமேல் வைத்தாள். உனக்கு நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ஆகாது, பெட்டிக்குள் சும்மா கிடப்பதற்கு இங்கே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு பேச்சு கூடுதலாக இல்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஜெர்மன் சைட் அருமையான சாமான், ஆனால் அதில் ஒரு விவகாரம் இருக்கிறது. நம் ஊர் சைட்டில் திருகின் ஒரு பக்கம் ஆர் என்றும் மறுபக்கம் எல் என்றும் இருக்கும். ஆர் பக்கம் திருப்பினால் குண்டு வலது பக்கம் போகும். எல் என்றால் இடது. ஜெர்மன் சைட்டிலும் அதே எழுத்துகள்தான், அர்த்தம் மட்டும் நேர்மாறு. குண்டு வலது பக்கம் விழுகிறதா, அப்படியானால் ஆர் பக்கம் திருப்பு, இடது பக்கம் வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஜுர மாத்திரை என்கிறோமே, அதைச் சாப்பிட்டால் ஜுரம் வருமா, போகுமா? போகும். ஜெர்மன் சைட்டின் ஆர் என்பது வலது மாத்திரை. வலது பக்கக் கோளாறைப் போக்குவது. இதை நான் ஜோதிக்கு இதே வார்த்தைகளில் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

இரண்டில் எதைக் கொடுப்பது? நான் பழைய சைட்டின் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். தேர்வு நாளில் புதுச் சாமானைக் கையில் கொடுக்கக் கூடாது என்பது நம் தொழிலில் எல்லோரும் ஒத்துக்கொள்வது. ஆனால் ஜோதி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

“ரெண்டும் பொய் சொல்லும், இல்ல சார்? எது எப்பவும் ஒரே மாதிரி பொய் சொல்லும்? அத்தக் குடுங்க.”

எனக்கு அப்படியே சிலிர்த்துவிட்டது. எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். சைட்டைத் தேர்ந்தெடுப்பது பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் கேட்டதில்லை. நாள் முழுக்க அளவுக் கருவியோடு வேலை பார்க்கிற பெண் அல்லவா. எப்போதும் ஒரே அளவு தப்பாகக் காட்டும் கருவியை வைத்து வேலை செய்யலாம், ஒரு நேரம் சரியாகவும் ஒரு நேரம் தப்பாகவும் காட்டுவதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பது அவளுக்குப் பழக்கமான விஷயம். நான் மறுபேச்சு பேசாமல் ஜெர்மன் சைட்டைத் துப்பாக்கியின் காடியில் ஏற்றி இறுக்கிக் கொடுத்தேன்.

இவர்கள் தொகுதியைக் கூப்பிட்டார்கள். ஜோதியும் இசக்கியும் அடுத்தடுத்த இடங்களில் படுத்தார்கள். பார்வையாளர்கள் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. பின்னாலிருந்து யாராவது சொல்லிக் கொடுத்தால் சுடுகிறவரின் பெயரையே அடித்துவிடுவார்கள். ஜோதியின் அண்ணன் மூர்த்தி என் பக்கத்தில் வந்து நின்றான். தங்கைக்காக அன்றைக்கு வேலைக்கு மட்டம் போட்டிருந்தான். அவளைவிட அவனுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

முதலில் கணக்கில் சேராத சோதனைக் குண்டுகள். அதற்குக் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். அதற்குள் சைட்டைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அது முடிந்து போட்டி தொடங்கியது என்று அறிவித்துவிட்டால் அதன்பிறகு ஒவ்வொரு குண்டும் கணக்குதான். நான் டெலஸ்கோப்பில் ஜோதியின் குறி அட்டையைப் பார்த்தேன். முதல் சில குண்டுகள் நல்ல நெருக்கமாக, ஆனால் வலது பக்கமாக விழுந்தன. கை திருகுக்குப் போயிற்று. அடுத்தது இன்னும் கொஞ்சம் வலதில் விழுந்தது. மறுபடி திருகு. அடுத்தது அதைவிட வலதில்.

எனக்குப் புரிந்துவிட்டது. இடது பக்கம் கொண்டுவர வேண்டும் என்று எல் பக்கமே திருப்புகிறாள். நான் சொன்ன மாத்திரைக் கதை அவள் காதில் விழுந்திருந்தது, விரல் வரைக்கும் போய்ச் சேரவில்லை. வருடக்கணக்கான பழக்கம், கண் எழுத்தைப் பார்த்ததும் விரல் தானாகத் திரும்பிவிடும். இதற்கு அவளைக் குறை சொல்லவே முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூர்த்தி என் காதோரம் வந்தான். லேத்காரன், சைட்டின் எழுத்து விவகாரம் அவனுக்குத் தெரியாது, குண்டு விலகுவது மட்டும் தெரிந்தது.

“இன்னா அண்ணாத்தே இது? தங்கச்சி திருப்பத் திருப்ப அப்பால போய்கினே கீது. அந்தப் பொண்ணு வோணும்னே கெட்டுப்போன சைட்ட குட்த்துகீது.”

அவன் தோளில் கையை வைத்து அழுத்தினேன். சைட்டில் ஒரு குறையும் இல்லை, பேசாமல் இரு என்று கையாலேயே சொன்னேன். அவன் நம்பவில்லை. போட்டியில் இருக்கிற ஒருத்தி போட்டிக்காரிக்கு நல்ல சாமானைக் கொடுப்பாள் என்பதை நம்ப முடியாத மாதிரிதான் உலகம் இதுவரை அவனிடம் நடந்துகொண்டிருந்தது. அதற்காக அவனைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

ஜோதி நிறுத்தினாள். துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். சோதனை நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மற்றவர்கள் கடைசி சோதனைக் குண்டுகளைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் துப்பாக்கியைக் கீழே வைக்கத் தைரியம் வேண்டும். பயம் பிடித்தவர்கள் அவசர அவசரமாக ரெண்டு க்ளிக் இந்தப் பக்கம், ரெண்டு க்ளிக் அந்தப் பக்கம் என்று நோண்டுவார்கள். அது கையின் நடுக்கத்தோடு கலந்துவிடும், எதனால் குண்டு நகர்ந்தது என்றே தெரியாது.

அவள் என்ன செய்தாள் என்றால், திருகை இதுவரை திருப்பியதற்கு எதிர்ப்பக்கம் கரகரவென்று நன்றாகத் திருப்பினாள். தேவைக்கு மேல், வேண்டுமென்றே. ஒரே ஒரு குண்டு சுட்டாள். அது கறுப்பு வட்டத்தின் இடது ஓரத்தில் போய் விழுந்தது. நடுவில் விழ வேண்டும் என்ற ஆசையையே அந்தக் குண்டுக்கு அவள் வைக்கவில்லை. சைட் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்கத்தான் அதைச் செலவழித்தாள். இப்போது சந்தேகத்துக்கு இடமில்லை.

பிறகு நெற்றியில் கையை வைத்தாள். வியர்வையைத் துடைக்கிறாள் என்று நினைத்தேன். ஸ்டிக்கர் பொட்டை எடுத்தாள். அதைத் திருகின் ஆர் எழுத்தின் மேல் வைத்துக் கட்டை விரலால் அழுத்தி ஒட்டினாள். அவ்வளவுதான், ஆர் மறைந்துவிட்டது. எல் எழுத்தை இனிக் கண் தேட வேண்டியதில்லை, பொட்டுப் பக்கம் என்றால் இடது பக்கம், மறுபக்கம் என்றால் வலது. எழுத்தைப் படித்தால்தானே விரல் ஏமாறும். மிச்சமிருந்த நேரத்தில் எண்ணி எண்ணித் திரும்பக் கொண்டுவந்தாள். கடைசி சோதனைக் குண்டு நடுவில் விழுந்தது. ரேஞ்ச் ஆபீசர் போட்டி தொடங்கியதாக அறிவித்தார். மூர்த்தி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

போட்டி நடுவில் இன்னொரு சோதனை வந்தது. வெயில் ஏற ஏற ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. காற்றைக் காட்டும் கொடிகள் படபடத்தன. சின்னக் குண்டுக்குக் காற்று ஆகாது, ஊதினால் நகரும். பலர் சைட்டைத் திருப்பத் தொடங்கினார்கள். இசக்கியும் திருப்பினாள், காற்று அடங்கியதும் திரும்பக் கொண்டுவந்தாள். அதுவும் சரியான முறைதான், அவளும் கைதேர்ந்தவள். ஆனால் காற்று நம்மைக் கேட்டுக்கொண்டு அடங்குவதில்லை. அந்த இடைவெளியில் அவளுடைய குண்டுகள் ஒன்றிரண்டு விளிம்புக்குப் போயின. ஜோதி திருகைத் தொடவே இல்லை. துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு கொடியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கொடி தொங்கியதும் சுட்டாள். மறுபடி எழுந்ததும் நிறுத்தினாள். நேரம் போகிறதே என்று மூர்த்தி கையைப் பிசைந்தான். எனக்கும் உள்ளுக்குள் அதே பதைப்புதான். காலையில்தான் அறிமுகமான சைட், அதைத் திரும்பத் திரும்ப நகர்த்தி வம்பை விலைக்கு வாங்குவதைவிடக் காத்திருப்பது மேல் என்று அவள் முடிவு செய்திருந்தாள். நேரம் முடிவதற்குச் சற்று முன்னால் கடைசிக் குண்டையும் சுட்டு முடித்தாள்.

அந்த இடம் ஜோதிக்குக் கிடைத்தது. வித்தியாசம் மிகக் கொஞ்சம். மாநிலப் போட்டியிலும் நன்றாகவே சுட்டாள். அந்த வேலையும் கிடைத்தது, இன்று சீருடையில் இருக்கிறாள். இவையெல்லாம் நல்ல செய்திகள்தான். ஆனால் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது, முடிவைப் பலகையில் ஒட்டிய பிறகு என் மேசையருகே நடந்ததை.

ஜோதி துப்பாக்கியோடு வந்தாள், பின்னாலேயே மூர்த்தி. சைட்டைக் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று என்னிடம் அலன் கீ, அந்தத் திருகு கழற்றும் சாவியை, கேட்டாள். நான் எடுத்து நீட்டினேன். இசக்கி அங்கேதான் நின்று தன் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது, அதை மறைக்கவும் இல்லை. மூன்றாவது முறையும் போய்விட்டதல்லவா. மூர்த்தி அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தான் நினைத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. காலையில் நான் தப்பா நினைச்சிட்டேன் என்றான்.

“இருக்கட்டும் அண்ணாச்சி. அது நல்லா அடிக்கும்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்” என்றாள் இசக்கி.

ஜோதி சாவியைத் திருகில் வைத்தாள். இசக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“கழத்தாத. கழத்துனா ஜீரோ போயிரும். அப்படியே மாநிலத்துக்குக் கொண்டு போ.”

பிடித்து வைத்த குறி, சைட்டைக் கழற்றினால் போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அது எங்கள் மூவருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் தோற்றவளின் வாயிலிருந்து அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்போ உனக்கு, என்று ஜோதி கேட்டாள்.

“எனக்கு அடுத்த வருசம் இருக்கு. ஒனக்கு இல்லல்லா.”

ஜோதி சாவியை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். நான் அதை மேசை டிராயருக்குள் போட்டு மூடினேன்.